நீலத் தோலுக்கு 1,140 டாலர்: ஃபெரெட் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

டல்லாஸ் பக்கம் ஃபெரெட் (கீரி மாதிரி நீண்ட உடம்புள்ள சிறிய செல்லப்பிராணி) வைத்திருக்கும் நம்மவர்கள் யாராவது இருந்தால் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் முறுக்குக்கு நாலு வயது. சுருண்டு படுப்பதால் அந்தப் பெயர், அம்மா வீடியோ காலில் இன்னும் "அந்தக் கீரிப்பிள்ளை எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார். போன அக்டோபரில் அதன் வாலில் முடி கொட்டத் தொடங்கியது. வீட்டுக்கு அருகே இருந்த கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப்போனேன். வாசல் பலகையில் நாய், பூனையோடு ஃபெரெட் படமும் இருந்தது. அதை நம்பினேன்.

குளிர்காலத்துக்கு முடி மாறும், பூஞ்சையாகவும் இருக்கலாம் என்று ஒரு மருந்து ஷாம்பு கொடுத்து வாரம் இரண்டு முறை குளிப்பாட்டச் சொன்னார்கள். பிறப்புறுப்பு வீங்கியிருக்கிறதே என்று நானே காட்டினேன். பருவத்துக்கு வந்திருக்கும் என்றார் டாக்டர். குட்டியிலேயே கருத்தடை செய்து விற்ற பெண் ஃபெரெட் எப்படிப் பருவத்துக்கு வரும்? இந்தக் கேள்வி எனக்கு அன்று தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

குளிக்கக் குளிக்கத் தோல் காய்ந்து அரிப்புதான் கூடியது. ஜனவரிக்குள் இடுப்புவரை மொட்டை. வயிற்று முடியைச் சிரைத்து ஸ்கேன் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று வாரம் கழித்து, சிரைத்த இடம் முழுக்கக் கன்றிப்போன மாதிரி நீலம்! பதறி ஓடினேன். உள்ளே ரத்தக் கசிவாக இருக்கலாம் என்று ஓர் இரவு வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஊசி என்று 1,140 டாலர் வாங்கினார்கள். முடிவுகள் எல்லாம் சரியாகவே இருந்தன. நீலம் ஏன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கடைசியில் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, இப்படிப்பட்ட பிராணிகளை மட்டுமே பார்க்கும் ஒரு டாக்டரிடம் போனேன். வயிற்றைப் பார்த்ததும், "முடி முளைக்கப் போகிறது, அவ்வளவுதான்" என்றார். சிரைத்த இடத்தில் புது முடி வேர்விடும்போது அதற்கான நிறமி தோலுக்கடியில் சேர்ந்து நீலமாகத் தெரியுமாம். முடி வெளியே வந்ததும் தானே மறையும், செலவே இல்லை.

அவர் முகம் மாறியது வாலையும் அந்த வீக்கத்தையும் பார்த்துத்தான். அட்ரினல் நோய், அதாவது சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பியில் வருவது. சிறுவயதில் கருத்தடை செய்த ஃபெரெட்டுகளுக்கு நடுவயதில் அடிக்கடி வருவது. சினைப்பையை எடுத்த பிறகும் மூளையிலிருந்து வரும் தூண்டல் நிற்பதில்லை. அது அட்ரினலைத் தூண்டித் தூண்டி, அந்தச் சுரப்பியே பாலின ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. ஸ்கேனில் இடது சுரப்பி பெருத்திருந்ததை அவர் காட்டினார். அது பருப்பு அளவுதான் இருக்கும், பழகாத கண்ணுக்குத் தப்பிவிடும். தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில், அந்தத் தூண்டலை அடக்கும் டெஸ்லோரெலின் என்ற மருந்துத் துண்டு ஒன்றை வைத்தார். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிந்தது. அப்புறம் முதுகு நீலமானது. இந்தத் தடவை பாயசம் வைத்தோம்.

போவதற்கு முன் போனிலேயே கேளுங்கள்: மாதம் எத்தனை ஃபெரெட் பார்ப்பீர்கள், டெஸ்லோரெலின் வைப்பதுண்டா என்று. பதில் இழுத்தால் வேறு இடம் பாருங்கள். ஆனால் ஈறும் நாக்கும் வெளுத்தாலோ நீலமானாலோ அது வேறு கதை. எந்த நேரமானாலும் கிடைக்கும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆண் ஃபெரெட் சிறுநீர் கழிக்க முக்கினாலும் அப்படித்தான், இதே நோயில் சிறுநீர்ப் பாதையைச் சுற்றியுள்ள புராஸ்டேட் சுரப்பி வீங்கி அடைத்துக்கொள்ளும்.

பழைய இடத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பரிசோதனைகள் செய்தது உண்மைதானே, அதற்குத்தான் பணம் என்றார் மேலாளர். பாதி ஷாம்பு பாட்டில் இன்னும் குளியலறையில் கிடக்கிறது.