சீல் உடைக்காத பெட்டியை நம்பி 48,500 ரூபா போச்சு

கோவம் ஆறமுந்தி எழுதிப்போடுறன். கடையின்ர பேர் வேண்டாம். புறக்கோட்டைப் பக்கம் சவுண்ட் சாமான் விக்கிற கடை, அவ்வளவுதான்.

மூண்டு மாசமா வெள்ளவத்தை வீட்டு பல்கனியில ஹோர்ன் ஸ்பீக்கர் செய்யிறன். 500 ஹேர்ட்ஸுக்கு மேல பாடுற டிராக்ட்ரிக்ஸ் வளைவு, அதாவது ஹோர்ன் விரியிற வடிவம். 12 மில்லிமீற்றர் பிளைவூட்டில ஒரு ஹோர்னுக்கு 17 வளையம் வெட்டி, அடுக்கி ஒட்டி, உள்பக்கம் வழுவழுப்பாகும் வரைக்கும் சாண்ட் பேப்பர் போட்டது. வாய் 22 சென்ரிமீற்றர். ஹோர்னின்ர ஒடுங்கின முனையில, அதாவது தொண்டையில, பூட்டிச் சத்தம் எழுப்பிற ரெண்டு கொம்பிரஷன் டிரைவர் மட்டும்தான் வாங்கவேண்டிக் கிடந்தது.

போன சனிக்கிழமை கடைக்காரர் என்ர ஹோர்ன் வரைபடத்தை ஃபோனில பெருசாக்கிப் பாத்தார். "தம்பி, தொண்டை ஒரு அங்குலம்தானே? அப்ப இதுதான் சரி." அந்த ஒரு கேள்வியிலதான் விழுந்தன். விசயம் தெரிஞ்ச மனுசன் எண்டு நினைச்சன். மேசையில இருந்த ஒண்டைப் போட்டுக் காட்டினார், நாதஸ்வரம் அப்பிடியே முகத்துக்கு நேர வந்துது. பிறகு உள்ளுக்கயிருந்து சீல் வச்ச பெட்டி ரெண்டு வந்துது. "உடைச்சா பெறுமதி போயிடும், வீட்ட போய் உடையுங்கோ." 48,500 ரூபாவை எண்ணிக் குடுத்துப்போட்டு வந்தன்.

வீட்ட பூட்டினா நுளம்புச் சத்தம். மின்தடை அளக்கிற மீற்றரை வச்சன், முள் அசையவேயில்ல. உள்ளுக்க 8 ஓம் கொயில் (கம்பிச்சுருள்) எண்டா 6 ஓம் அளவிலயாவது காட்டவேணும். பின்மூடியின்ர நாலு ஸ்குரூவையும் கழட்டினா உள்ளுக்க சீமெந்துக் கட்டி! முன்னால சில்லறைக்காசு அளவில ஒரு பீசோ தகடு, மின்சாரம் குடுத்தா அதிர்ந்து கீச்சிடுற மெல்லிய தகடு. அம்மா எட்டிப் பாத்திட்டு, "பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டையில கிடக்கிறதெல்லோ இது?" எண்டா.

கடைக்கு ஃபோன் எடுத்தா, "கிரொஸ்ஓவர் இல்லாமக் குடுத்திருப்பியள், எரிஞ்சிருக்கும்." கிரொஸ்ஓவர் எண்டது தாழ்ந்த சுருதிச் சத்தம் டிரைவருக்குப் போகாமத் தடுக்கிற சேர்க்கிட். சீமெந்து எரியுமோ, அண்ணே? அடுத்த நாள், "முதலாளி ஊருக்குப் போயிட்டார்." நேர போனா, "பில்லில என்ன எழுதிக் கிடக்கு?" பில்லில "ஸ்பீக்கர் 2" எண்டு மட்டும். அதை நான் பாக்கேல்ல, பிழை என்னில. நேற்றிலயிருந்து நம்பரும் புளொக். 48,500 ரூபா!

எப்பிடி வாங்கிறது எண்டு விபரமா எழுதத்தான் இருந்தனான், இப்ப பொறுமையில்ல. மீற்றர் கொண்டு போங்கோ. ஒரு ஸ்குரூ டிரைவரைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கோ, நல்ல காந்தமெண்டா இழுக்கும். போட்டுக் காட்டின அதே சாமானைத்தான் கேளுங்கோ. பில்லில மொடல் நம்பர் எழுதுவியுங்கோ.

நுகர்வோர் அதிகார சபையின்ர 1977 எண்ட முறைப்பாட்டு நம்பருக்கு ஃபோன் எடுக்கப்போறன். சீமெந்துக் கட்டி பத்திரமாக் கிடக்கு.