கறுப்புத் திரையோடு நிற்கும் கமடோர் 64-க்கு டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ்: வாங்கலாமா?

வாங்கலாம். 1980-களின் வீட்டுக் கம்ப்யூட்டரான கமடோர் 64 வைத்திருக்கும் எல்லோரிடமும், எந்தப் பாகம் கெட்டது என்று கண்டுபிடிக்க உதவும் இந்தச் செருகு அட்டை ஒன்று இருக்கவேண்டும் என்பேன். ஆனால் இது "ஓகே" என்று சொன்னதும் பெட்டியை மூடி ஸ்க்ரூ போட்டுவிடாதீர்கள். ஏன் என்று கடைசிவரை படித்தால் புரியும்.

நான் வாங்கியது இரண்டு சோதனைகளையும் ஒரே அட்டையில் வைத்த வகை. பக்கத்தில் சின்ன ஸ்விட்ச். ஒரு பக்கம் தள்ளினால் டெட் டெஸ்ட் 781220, இன்னொரு பக்கம் தள்ளினால் டயக்னாஸ்டிக் 586220. இரண்டுமே அந்தக் காலத்தில் சர்வீஸ் ஆட்களுக்காக கமடோரே தயாரித்தவை. இப்போது ஆர்வலர்கள் பிரதியெடுத்து விற்கிறார்கள். 18 யூரோ கொடுத்தேன். அட்டையின் தயாரிப்பில் குறையில்லை. ஸ்லாட்டில் இறுக்கமாக உட்காருகிறது, ஆடவில்லை.

இங்கே ஜெர்மனியில் பழைய சாமான் சந்தைகளில் இந்தக் கம்ப்யூட்டர் இன்றும் கிடைக்கும். பிரவுன்ஷ்வைக் நகரிலேயே கமடோருக்கு ஆலை இருந்ததே! அப்படிக் கிடைத்த ஒன்றுதான் என் மேசையில் இருந்தது. 250407 என்ற எண் போட்ட போர்டு. பவர் விளக்கு எரிகிறது, திரையில் ஒன்றுமே இல்லை.

கார்ட்ரிட்ஜைச் செருகுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். பழைய அடாப்டரை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். உள்ளே பிசின் ஊற்றி அடைத்த அந்தக் கனமான பெட்டி 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தரவேண்டும். வயதாகிவிட்டால் அதன் ரெகுலேட்டர் கெட்டு, 5 வோல்ட் மேலே ஏறிவிடும். 5.25-ஐத் தாண்டினால் ஆபத்து. முதலில் சாவது நினைவகச் சில்லுகளான ராம் ஐசிகள்தான். அந்த அடாப்டரை வைத்துக்கொண்டே புது ஐசி போட்டால் அதையும் சேர்த்துக் கொல்வோம். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், முதலில் நல்ல புது அடாப்டர் வாங்குங்கள். கார்ட்ரிட்ஜ் அடுத்த மாதம் வரட்டும்.

டெட் டெஸ்டின் அருமை, செத்துக்கிடக்கும் மெஷினிலும் அது ஓடும் என்பதுதான். சாதாரணமாக மெஷின் விழிக்கும்போது அதன் அடிப்படை நிரலான கெர்னல், ராம் வேலை செய்கிறது என்று நம்பித்தான் நடக்கிறது. ராம் கெட்டிருந்தால் அதே இடத்தில் தடுக்கி விழுந்துவிடும். இந்தக் கார்ட்ரிட்ஜ் மெஷினை 'அல்டிமேக்ஸ்' நிலைக்குத் தள்ளுகிறது. 1982-ல் ஜப்பானில் விற்ற மேக்ஸ் மெஷினின் கார்ட்ரிட்ஜ்களுக்காக வைத்த ஏற்பாடு அது. கெர்னல் ஒதுங்கிக்கொள்ள, கார்ட்ரிட்ஜில் உள்ள நிரலே நேரடியாக ஓடுகிறது. திரையில் எழுத்துக் காட்டக்கூட ராம் வேண்டும் அல்லவா? அதனால் ராம் கெட்டிருந்தால் இது எழுதுவதில்லை, திரையை மின்னவைக்கிறது. எத்தனை முறை மின்னியது என்று எண்ணினால் எந்த ஐசி என்று தெரிந்துவிடும்.

இந்தப் போர்டில் 4164 என்ற வகை ராம் ஐசிகள் எட்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பைட்டிலும் ஒரே ஒரு பிட்டைச் சுமக்கிறது. ஒரு முறை மின்னினால் பிட் 7, அதாவது போர்டில் யூ12 என்று குறித்த ஐசி. அதிலிருந்து வரிசையாக யூ24, யூ11, யூ23, யூ10, யூ22, யூ9. எட்டு முறை மின்னினால் பிட் 0, அதாவது யூ21. வேகமாக மின்னுவதால் ஃபோனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பது நல்லது.

எனக்கு மூன்று முறை மின்னியது. யூ11. ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, சாக்கெட் வைத்துப் புது 4164 போட்டேன். (இந்த ஐசியில் 8-ஆம் காலில் 5 வோல்ட், 16-ஆம் கால் கிரவுண்ட். மற்ற லாஜிக் ஐசிகளுக்கு நேர் எதிர். அளக்கும்போது கவனம்.) மறுபடி டெட் டெஸ்ட் ஓட்டினால் வரிசையாக ஓகே, ஓகே, ஓகே. கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். நீலத் திரை வந்தது. மெஷினின் நிரல்மொழியான பேசிக்குக்கு 38911 பைட்டுகள் காலி என்று இருக்கவேண்டிய இடத்தில் 30719!

கார்ட்ரிட்ஜின் எல்லை இங்கேதான் இருக்கிறது, விற்பவர் யாரும் இதை எழுதுவதில்லை. அல்டிமேக்ஸ் நிலையில் ப்ராசஸரின் கண்ணுக்குத் தெரிவது முதல் 4 கேபி ராம் மட்டுமே. மீதி 60 கேபியை டெட் டெஸ்ட் தொடுவதே இல்லை. என்னுடைய இரண்டாவது கெட்ட ஐசி முதல் பாதியில் ஒழுங்காக இருந்தது. சரியாக 32768 என்ற முகவரியில் ஆரம்பிக்கும் மேல் பாதியில் செத்துப்போயிருந்தது. 32768-லிருந்து, பேசிக் நிரலுக்கான இடம் தொடங்கும் 2049-ஐக் கழித்தால் 30719. கணக்கு அப்படியே பொருந்துகிறது. (8 கேபி கார்ட்ரிட்ஜ் செருகியிருந்தாலும் இதே எண் வரும். ஆகவே ஸ்லாட் காலியா என்று முதலில் பாருங்கள்.)

எந்த ஐசி என்று கண்டுபிடிக்க பேசிக்கே போதும். போக் 33000,255 (அந்த முகவரியில் 255-ஐ எழுது) என்று அடித்துவிட்டு, பிரிண்ட் பீக்(33000) (அங்கே இருப்பதைக் காட்டு) என்று கேட்டேன். 255 வரவேண்டும், 251 வந்தது. குறைந்தது 4, அதாவது பிட் 2, அதாவது யூ22. செலவே இல்லாத இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: 38911 என்ற முழு எண் வந்தாலும் ராம் முழுக்க நல்லது என்று அர்த்தமில்லை. 40960-லிருந்து பேசிக் ரோம் (எழுத முடியாத நினைவகம்) உட்கார்ந்திருப்பதால் மெஷின் தானே எண்ணுவது அங்கே நின்றுவிடும்.

அதற்குத்தான் ஸ்விட்சின் மறுபக்கம். டயக்னாஸ்டிக் 4 கேபியைத் தாண்டியும் சோதிக்கிறது, முடிவைத் திரையில் எழுதிக் காட்டுகிறது. ஆனால் அது ஓட மெஷினுக்கு ஓரளவு உயிர் இருக்கவேண்டும். போர்ட்டுகளில் மாட்டும் ஹார்னஸ் (சோதனைக் கம்பிக்கட்டு) இல்லாமல் ஓட்டினால் போர்ட் சோதனைகள் எல்லாம் 'பேட்' என்றே வரும். பயந்துபோய், போர்ட்டுகளைக் கவனிக்கும் நல்ல சிஐஏ ஐசிகளைப் பிடுங்கிவிடாதீர்கள்.

இன்னும் சில. ஒரு நேரத்தில் ஒரு ஐசியை மட்டும்தான் டெட் டெஸ்ட் சொல்லும், எனவே மாற்றியதும் மறுபடி ஓட்டவேண்டும். மாற்ற மாற்ற வேறு வேறு எண்ணிக்கையில் மின்னிக்கொண்டே இருந்தால் ராமை விட்டுவிட்டு, முகவரி வழிகளைப் பிரிக்கும் யூ13, யூ25 பக்கம் பாருங்கள். ஒரு மின்னலும் இல்லாமல் கறுப்பாகவே நின்றால் ராமைக் குற்றம் சொல்ல ஆதாரமே இல்லை. எந்த நேரத்தில் எந்தச் சில்லு பேசவேண்டும் என்று முடிவுசெய்யும் பிஎல்ஏ ஐசியில் ஆரம்பியுங்கள்.

பெட்டியில் வந்த துண்டுத்தாளில் எட்டு ஐசி போர்டுக்கான அட்டவணை மட்டும்தான் இருக்கிறது. பிற்காலத்து 250466, 250469 போர்டுகளில் இருப்பவை இரண்டே ராம் ஐசிகள், ஆளுக்கு நான்கு பிட். அங்கே ஒன்றிலிருந்து நான்குவரை மின்னினால் ஓர் ஐசி, ஐந்திலிருந்து எட்டுவரை என்றால் மற்றது. விற்பவருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.