ஆன்டிபயாடிக் கோர்ஸோடு எது சரி: தயிரா, யாகுல்ட்டா, சாஷேயா?

ஆன்டிபயாடிக் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் சிலருக்கு வயிறு கலங்கிவிடும். நோய்க்கிருமியோடு குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிபடுவதுதான் காரணம். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் இதில் பேர்போனது. தடுக்க நினைப்பவர் கைக்கு எட்டுபவை நான்கு.

முதலில் தயிர். பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காதவருக்குத் தயிர் ஒத்துப்போவது அதிலுள்ள பாக்டீரியாவால்தான்; அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் வீட்டு உறையில் எந்த வகை, எத்தனை கோடி என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆவி பறக்கும் சோற்றில் கொட்டிப் பிசைந்தாலே பெரும்பகுதி செத்துவிடும், மோர்க்குழம்பில் கேட்கவே வேண்டாம். இன்னொரு சிக்கலும் உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் மாத்திரைகளைத் தயிர் சாதத்தோடு விழுங்கினால் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள்.

யாகுல்ட் என்ற புளித்த பால் பானத்தில் எண்ணிக்கை தெளிவு: 65 மில்லி குப்பியில் ஷிரோட்டா வகை பாக்டீரியா 650 கோடிக்கு மேல். சர்க்கரையும் தாராளம், நீரிழிவுக்காரர்கள் லேபிளைப் பார்க்கவும். 10 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள். இரவில் ஃப்ரிட்ஜை அணைத்துவைக்கும் கடையில் வாங்கிப் பயனில்லை. இதையும் மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும்.

எண்டரோஜெர்மினா போன்ற பேசிலஸ் கிளாசி குப்பி (5 மில்லி, 200 கோடி ஸ்போர், அதாவது கெட்டி உறைக்குள் தூங்கும் பாக்டீரியா) ஃப்ரிட்ஜ் கேட்காது, வயிற்று அமிலத்துக்கும் அசையாது. நிறமும் சுவையும் இல்லாததால் குழந்தைகள் துப்புவதில்லை. குலுக்கிவிட்டுக் கொடுங்கள். வாய்வழி மட்டும், ஊசி மருந்தில்லை.

எங்கள் தேர்வு சாக்கரோமைசஸ் பவுலார்டி சாஷே. இது பாக்டீரியா அல்ல, ஈஸ்ட். எந்த ஆன்டிபயாடிக்கும் இதைத் தொடாது, இடைவெளிக் கணக்கும் இல்லை. இந்தப் பயனுக்கு ஆய்வு ஆதாரமும் மற்ற மூன்றைவிட இதற்கே அதிகம். (1920களில் பிரெஞ்சு ஆய்வாளர் ஆன்றி பவுலார் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தது.) வழக்கமான அளவு 250 மி.கி., தினம் இருவேளை. வயிறு கெட்டபின் ஓடுவதைவிட முதல் மாத்திரை நாளிலேயே தொடங்குவது நல்லது. சுடுநீரில் கலக்காதீர்கள். ஃப்ளுகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து கூடவே ஓடினால் இந்த ஈஸ்ட் செத்துவிடும், காசும் வீண்.

பேதியே தொடங்கிவிட்டால் முதலில் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்), பிறகுதான் இதெல்லாம். மலத்தில் ரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி இருந்தால் சாஷேயை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் ஐசியூ நோயாளிகளுக்கும் பவுலார்டி கூடாது. ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கழுத்து ரத்தக் குழாயில் சென்ட்ரல் லைன் போட்டவர் இருக்கும் அறையில் சாஷேயைப் பிரிக்கவே கூடாது. பறக்கும் தூள் அந்தக் குழாயில் ஒட்டிக்கொண்டாலே போதும்.