டிரங்குப் பெட்டியில் இருந்த பட்டாள நம்பர்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டாளத்தில் இருந்த தாத்தாவைப் பற்றித் தேட நினைப்பவர்கள் முதலிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் இருந்த கம்பெனி, அதாவது பட்டாளப் பிரிவு, எங்கே போனது, என்ன செய்தது என்ற கதை லண்டனில் கிடைக்கும். அவர் பெயர் இருக்கும் தாளுக்கு ஊருக்குத்தான் போக வேண்டும்.

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே கியூ என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்திய ராணுவப் பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைத் தேட வேண்டிய வரிசை எண்கள்: மத்திய கிழக்கு என்றால் டபிள்யூ.ஓ. 169, இத்தாலி என்றால் டபிள்யூ.ஓ. 170, பர்மா என்றால் டபிள்யூ.ஓ. 172. உள்ளே உட்கார்ந்து படிக்க வேண்டிய ரீடர் டிக்கெட் இலவசம். நம் கேமராவிலேயே பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பக்கங்களில் அதிகாரிகளுக்குத்தான் பெயர் உண்டு. நம் ஆட்கள் பெரும்பாலும் "ஐ.ஓ.ஆர்." என்ற மூன்று எழுத்தும் ஒரு எண்ணிக்கையும்தான். அதாவது, இத்தனை இந்தியச் சிப்பாய்கள் காயம், இத்தனை பேர் சாவு. தாத்தா எந்தக் கம்பெனி என்றே தெரியாமல் அங்கே எந்தக் கட்டைத் திறப்பது? அதனால் இந்த முறை ஊருக்குப் போனபோது இதையே முதல் வேலையாக வைத்துக்கொண்டேன்.

குடியாத்தம் பக்கத்துக் கிராமம். வேலூர் வட்டாரத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊர் குறைவு. தாத்தாவின் சாமான்கள் அத்தை வீட்டில் இருந்தன. ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள் பதக்கங்கள். ஆறு முனை வைத்த நட்சத்திரங்கள், நடுவில் கிரீடமும் அரசரின் முத்திரை எழுத்தும். ரிப்பன்கள் நைந்திருந்தாலும் நிறம் தெரிந்தது. மணல் நிறத்தின் நடுவே அகலமான சிவப்புக் கோடும், ஒரு பக்கம் மெல்லிய கருநீலமும் மறுபக்கம் மெல்லிய வெளிர்நீலமும் இருந்தால் அது ஆப்பிரிக்கா ஸ்டார். சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என்று வந்தால் இத்தாலி ஸ்டார். இரண்டும் டப்பாவில் இருந்தன. முதலாவது 1940 ஜூன் முதல் 1943 மே வரை வட ஆப்பிரிக்கப் போர்முனையில் இருந்தவர்களுக்கு. இரண்டாவது 1943 ஜூன் முதல் 1945 மே வரை இத்தாலிப் பக்கம் இருந்தவர்களுக்கு. ஒரு தாளைக்கூடப் புரட்டுவதற்கு முன்பே தாத்தா போன வழி தெரிந்துவிட்டது. வீட்டில் இதுவரை எல்லோரும் அவர் பர்மாவுக்குப் போனதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் அந்த டிரங்குப் பெட்டி. பல வருஷம் நெல் விதை போட்டு வைக்கப் பயன்பட்டது. மேலே யாரோ வெள்ளி பெயிண்ட் அடித்திருந்தார்கள். பட்டாளத்துக்காரர்கள் பெட்டி மூடியில் நம்பரும் பெயரும் எழுதி வைப்பது வழக்கம் என்பதால் பெட்டியைத் திண்ணைக்குத் தூக்கி வந்தோம். இருட்டியதும் மூடியின் ஓரத்தில் செல்போன் டார்ச்சைப் படுக்கை வாட்டில் பிடித்துப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் பழைய எழுத்துகள் லேசாகப் புடைத்துக்கொண்டு நின்றன. முதலில் ஒரு எண், அடுத்து தாத்தாவின் பெயர், கீழே 12 என்ற எண்ணும் பீல்டு கம்பெனி (பட்டாளத்தின் பொறியாளர் பிரிவு) என்பதன் சுருக்கமும். அத்தை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். "இத்தனை வருஷமா இதுமேலதான் தம்பி துணி மடிச்சு வெச்சேன்" என்று அத்தை அழுதுவிட்டார்.

ஊரில் பெட்டியையோ பித்தளைத் தட்டையோ பழைய இரும்புக்குப் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். போடுவதற்கு முன்னால் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.

சுவரில் மாட்டியிருந்த போட்டோவுக்கு ஒரு ஓரத்தில் கரையான் பிடித்திருந்தது. மற்ற இடத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. இப்படி ஒட்டியதைப் பிரித்தெடுக்கவே கூடாது. படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும். வேலூரில் ஒரு ஸ்டுடியோவில் கண்ணாடியோடேயே வைத்துப் பெரிய அளவில் ஸ்கேன் எடுத்தோம். ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷன். முகத்தைத் துடைத்து, பின்னணியை மாற்றி, கலர் போட்டுத் தருகிறேன் என்றார். முதலில் கை வைக்காத பிரதி ஒன்று கொடுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். துடைக்காத அந்தப் பிரதியில்தான் விஷயமே இருந்தது. தலையில், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படைக்காரர்கள் போடும் விளிம்பில்லாத உயரத் தொப்பி. தோளுக்குக் கீழே சட்டைக் கையில், வீட்டில் எல்லோரும் கறை என்று நினைத்த இடத்தில், சிறகு விரித்த ஒரு பறவை. அது நான்காவது இந்தியன் டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவின் சின்னமான சிவப்புக் கழுகு. ஸ்டுடியோவில் சுத்தம் செய்திருந்தால் முதலில் போயிருப்பது அந்தக் கழுகுதான்.

வேலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே எங்களிடம் பேசியவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான். நம்பரைப் பார்த்ததும் உட்காரச் சொன்னார். பழைய சிப்பாய்களின் காகிதம் அந்தந்தப் படையின் ஆவண அலுவலகத்தில்தான் இருக்கும் என்று விளக்கினார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப், மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் சர்வீஸ் கோர் என்றால் மறுபடியும் பெங்களூர். விண்ணப்பத்தில் பழைய ஜில்லா பெயரான வட ஆற்காட்டையும் அந்தக் காலத்துத் தாலுகாவையும் எழுதச் சொன்னார். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்துக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். 1940-களின் பதிவேட்டில் இன்றைய மாவட்டப் பெயர் எப்படி இருக்கும்?

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. வேறொரு அலுவலகத்தில், இறந்துபோனவருக்கு இப்போது எதற்கு இதெல்லாம், பணம் ஏதாவது வருமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பணத்துக்காகத் தேடினால்தான் மரியாதையா? கூட வந்த சித்தப்பா பையன் "விடுண்ணா, வா போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை அதற்கு உதவாது. ராணுவ வளாகத்துக்குள்ளும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு நினைத்த மாதிரி நுழைந்துவிட முடியாது. அதனால் விண்ணப்பம் தம்பி பெயரில்தான் போனது. தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான காகிதம், தம்பியின் ஆதார் நகல், பதக்கங்களின் படம், பெட்டி மூடியின் படம் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

பதில் நான் லண்டன் திரும்பிய பிறகுதான் வந்தது. தம்பி வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினான். ஓய்வூதியம் இல்லாத சிப்பாய்களின் சர்வீஸ் காகிதங்களை 25 வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடுவது ராணுவ விதி. உயரம், மார்பளவு, மச்சம், எந்தக் கப்பலில் போனார் என்பதெல்லாம் அதோடு போய்விட்டது. நிரந்தரமாக வைத்திருப்பது லாங் ரோல் என்ற பெரிய பதிவேடு மட்டும்தான். அதில் தாத்தாவுக்கு ஒரு வரி உண்டு: நம்பர், பெயர், அப்பா பெயர், கிராமம், 1940-இல் சேர்ந்த தேதி, 1946-இல் வெளியே வந்த தேதி, காரணம் ஆட்குறைப்பு. பெட்டி மூடியில் இருந்த நம்பரும் அதில் இருந்த நம்பரும் இலக்கத்துக்கு இலக்கம் ஒன்று.

ஒரு வரிதானே என்று நினைக்க வேண்டாம். அது கையில் இருந்தால் கியூவில் திறக்க வேண்டிய கட்டு எது என்று தெரிந்துவிடும். 12-ஆம் பீல்டு கம்பெனி நான்காவது டிவிஷனோடு இத்தாலிக்குப் போனது. 1944 பிப்ரவரியில் அந்த டிவிஷன் மோன்டே கஸினோ மலைக்குக் கீழே நின்றது. பிப்ரவரி 15 அன்று மலை உச்சியில் இருந்த மடத்தின்மேல் விமானங்கள் குண்டு போட்டன. அத்தைக்கு இந்தப் பெயர் எதுவும் தெரியாது. ஆனால் தாத்தா சொன்னதாக அவர் என்னிடம் சொன்னது இது: "மலை மேல பெரிய மடம் ஒண்ணு. ஆகாசத்துல இருந்து போட்டுத் தரைமட்டம் ஆக்கினாங்க. நாங்க கீழ வழி போட்டுக்கிட்டு இருந்தோம். கோவேறு கழுதை மேல கல்லும் மருந்தும் போகும்." இதைச் சின்ன வயதில் கதை என்று நினைத்துக் கேட்டதாக அத்தை சொன்னார். பெயரும் தேதியும் இல்லாமல் அவர் அத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்தது கஸினோ.

அதே டிவிஷனில், அதே மாதம் 24-ஆம் தேதி, மின்யானோ என்ற இடத்தில் காஞ்சிபுரம் பக்கத்து சுபேதார் சுப்ரமணியன் கண்ணிவெடியின் மேல் விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விட்டார். அவரும் மெட்ராஸ் சாப்பர்ஸ். பிரிட்டிஷ் அரசின் உயர்ந்த வீரப் பதக்கங்களில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் அவருக்குக் கிடைத்தது. அவரைப் பற்றியாவது பேசுகிறோம். வழி போட்டவர்களையும் வெடி தோண்டியவர்களையும் பற்றி யார் வீட்டில் பேசுகிறார்கள்?

எனக்கு ஆறாத விஷயம் பாட்டியைப் பற்றியது. போருக்காகச் சேர்த்து 1946-இல் அனுப்பப்பட்டவர்களுக்கு பென்ஷனுக்கு வேண்டிய சர்வீஸ் வருஷம் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாமாதம் நிதியுதவி கொடுக்கிறது. பாட்டி கேட்கப் போனபோது, பட்டாளத்திலிருந்து வெளியே வந்ததைக் காட்டும் டிஸ்சார்ஜ் புத்தகம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். நம்பர் வீட்டிலேயே, பெயிண்டுக்கு அடியில் இருந்தது. லாங் ரோலில் ஒரு வரி இருக்கும், எழுதிக் கேளுங்கள் என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும், கேட்டாவது பார்த்திருப்பார். உங்கள் ஊரில் இன்றைக்கும் அப்படி ஒரு பாட்டி இருந்தால், மற்றதை விட்டுவிட்டு முதலில் இந்த வேலையைப் பாருங்கள்.

போட்டோவில் தாத்தாவுக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறார். அதே தொப்பி, அதே கழுகு. பேர்ணாம்பட்டுப் பக்கத்து ஆள் என்பது மட்டும் அத்தைக்கு நினைவிருக்கிறது. கை வைக்காத பிரதியை நாலைந்து போட்டுத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பக்கம் பட்டாளத்துக் குடும்பங்கள் இருக்கும் ஊர்களில் வயதானவர்களிடம் காட்டி விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.