திருச்சியிலிருந்து பட்ஜெட் விமானம்: காசுக்குத் தகுமா?

திருச்சியில் ஏறி கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இறங்குவதோடு பயணம் முடிகிறது என்றால், பட்ஜெட் விமானம் தாராளமாகத் தகும். அங்கே இறங்கி இன்னொரு விமானம் பிடிக்க வேண்டும், மறுநாள் காலையில் முகூர்த்தம், எழுபது வயது அம்மா துணையில்லாமல் போகிறார் என்றால் யோசிக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை மோசம் என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். ஆனால் அது எந்த இடத்தில் காலை வாரும், அப்போது எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் முன்கூட்டியே கணிக்கக்கூடியவை. கணித்துக்கொண்டு ஏறுகிறவருக்குப் பெரிய நஷ்டம் வராது.

திருச்சி ஓடுதளம் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர்தான். அகலமான பெரிய விமானங்கள் இங்கே வருவதில்லை. ஏர்பஸ் 320, போயிங் 737 வகைகளே வருகின்றன. அதனால் ஏர் ஏசியா, ஸ்கூட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ போன்றவைதான் இங்கே அதிகம். முழுச் சேவை வேண்டுமென்றால் ஸ்ரீலங்கனில் கொழும்பு வழியாகப் போகலாம், அல்லது சென்னைக்குப் போய் சிங்கப்பூர் ஏர்லைன்ஸோ மலேசியா ஏர்லைன்ஸோ பிடிக்கலாம். சென்னைக்கு 330 கிலோமீட்டர். பெட்டியோடு ரயில், அங்கிருந்து டாக்சி, இடையில் ஒரு வேளைச் சாப்பாடு, திரும்பும்போது நள்ளிரவில் இறங்கினால் விடியும்வரை காத்திருப்பு. டெல்டாக்காரர்கள் விலையை ஒப்பிடும்போது இந்தச் செலவையும் அந்தப் பக்கத்தில் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சிலர் பயப்படுகிறார்கள். பராமரிப்பு விதி, விமானி உரிமம், பறக்கும் நேரக் கட்டுப்பாடு எல்லாம் ஒரு நாட்டின் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். 2024 அக்டோபர் 11 அன்று திருச்சி–ஷார்ஜா ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு வந்தபோது, எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்துவிட்டுப் பத்திரமாகத் தரையிறக்கினார்கள். டிக்கெட் விலை குறைவு என்பதால் அந்த இடத்தில் எதுவும் குறைந்துவிடவில்லை. குறைப்பதெல்லாம் கால் நீட்டும் இடம், தரையில் நிற்கும் நேரம், நம்மோடு பேசுவதற்கு ஆள் ஆகியவற்றில்தான். கால் சென்டருக்குப் பதில் சாட் பெட்டி, கவுன்ட்டரில் வெளியாள் ஒப்பந்த ஊழியர். டிக்கெட்டை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ அவர் கையில் அதிகாரம் இருக்காது. அவரிடம் கத்திப் பயனில்லை.

இனி விலை. திரையில் முதலில் காட்டும் தொகை ஒருவர், ஒரு கைப்பை மட்டும் என்ற கணக்கு. நான்கு பேருக்கு ஒரே தேடலில் டிக்கெட் போட்டால், மலிவு விலையில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்ற நிலையில், நான்கு பேருக்கும் அடுத்த உயர்ந்த விலையே வரும். முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள். பிறகு நால்வருக்குத் தேடுங்கள். தலைக்கு வரும் தொகை மாறினால் இரண்டிரண்டாகப் பிரித்துப் போடலாம். ஆனால் பிஎன்ஆர் இரண்டாகிவிடும், விமானம் ரத்தானால் குடும்பத்தை ஒன்றாக மாற்றித் தருவது சிரமம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பிரிக்க வேண்டாம்.

பெட்டிதான் உண்மையான செலவு. ஏர் ஏசியாவில் கைப்பை, தோள்பை இரண்டும் சேர்த்து 7 கிலோ. பெரிய பையின் அளவு 56, 36, 23 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஸ்கூட்டில் இரண்டும் சேர்த்து 10 கிலோ. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'லைட்' டிக்கெட்டில் செக்-இன் பெட்டி கிடையாது. பெட்டி வேண்டுமென்றால் 'வேல்யூ' டிக்கெட்டைப் பார்க்க வேண்டும். சக்கரம் வைத்த டிராலிப் பெட்டி காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ வரும். 7 கிலோவில் மிஞ்சுவது நான்கு கிலோதான். துணிப்பையோ மெல்லிய பேக்பேக்கோ எடுத்தால் இரண்டு கிலோ மிச்சம். செக்-இன் எடையை டிக்கெட் போடும்போதே வாங்குவது மலிவு, பிறகு தளத்தில் சேர்ப்பது கொஞ்சம் கூட, கவுன்ட்டரில் கட்டுவது பல மடங்கு, கேட்டில் மாட்டிக்கொண்டால் அதைவிட மோசம். 22 கிலோ வரும் என்று தோன்றினால் 25 வாங்கிவிடுங்கள். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் தொங்கும் தராசு ஒன்று வீட்டில் இருக்கட்டும். பெட்டியை மாட்டித் தூக்கி, முள் அசைவு நின்ற பிறகு எடையைப் பாருங்கள், அரைக் கிலோ குறைவாகவே கட்டுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோகும் சாமான்களில் மூன்று விஷயம். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் இருந்தால், திரவம் 100 மில்லியைத் தாண்டக் கூடாது என்ற விதியில் பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போடுங்கள். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் பெட்டியில் அனுமதி இல்லை. பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டியில் கிடந்தால் எக்ஸ்ரேயில் தெரிந்து, உங்களைக் கூப்பிட்டு பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். நேரமில்லையென்றால் பெட்டி ஊரிலேயே தங்கிவிடும். 2025 ஏப்ரலிலிருந்து ஸ்கூட்டிலும் ஏர் ஏசியாவிலும் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவும் தடை. போனை முழுதாக சார்ஜ் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

டிக்கெட்டை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் போடுங்கள். இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் என்று இடைத்தரகுத் தளத்தில் போட்டால், பல நேரம் அந்தத் தளத்தின் மின்னஞ்சல்தான் நிறுவனத்திடம் பதிவாகும். நேரம் மாறியது, ரத்தானது என்ற செய்தி உங்களுக்கு வந்து சேராது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்களென்றால், நிறுவனத் தளத்தில் பிஎன்ஆரைக் கொடுத்து உள்ளே போய், உங்கள் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் மாற்றுங்கள். வருகிற புகார்களில் பாதி இந்த ஒரு வேலையைச் செய்யாததால் வருபவை என்பது என் உறுதியான எண்ணம்.

பெயர் நம்மவர்களுக்கு உள்ள தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, ஒரே பெயர் மட்டும் இருக்கும். இன்ஷியலைக் குடும்பப் பெயராக அடித்துவிடாதீர்கள். பல தளங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன, அந்தந்தத் தளத்தின் குறிப்பைப் பாருங்கள். துபாய், ஷார்ஜா போகிறவர்கள் கூடுதல் கவனம்: ஒற்றைப் பெயர் விசிட் விசாக்காரர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து அங்கே கட்டுப்பாடு உண்டு. எழுத்துப் பிழையைத் திருத்தித் தருவார்கள். ஆளை மாற்ற முடியாது.

தாமதத்துக்கு வருவோம். இந்த விமானங்கள் ஒரே நாளில் நான்கைந்து முறை பறக்கும். கோலாலம்பூரிலிருந்து வரும் விமானமே கொஞ்ச நேரத்தில் உங்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். காலையில் எங்கோ ஒரு மணி நேரம் பிந்தினால், இரவுப் பயணத்தில் அது மூன்று மணி நேரமாக வளர்ந்து நிற்கும். விமான நகர்வைக் காட்டும் செயலியில் உங்கள் விமான எண்ணைத் தேடாதீர்கள்; உங்களுக்காக உள்ளே வர வேண்டிய விமானம் அங்கிருந்து கிளம்பிவிட்டதா என்று பாருங்கள். பலகையில் அறிவிப்பு வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். அதற்காக வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பக் கூடாது. கவுன்ட்டர் வழக்கமான நேரத்திலேயே, பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே, மூடிவிடும்.

தாமதத்தில் என்ன கேட்கலாம் என்பது யாருடைய விமானம் என்பதைப் பொறுத்தது. இந்திய நிறுவனமென்றால் டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) விதி: சிங்கப்பூர் போன்ற, இரண்டரை மணிக்கு மேல் ஐந்து மணி நேரம் வரையிலான பயணத்துக்கு மூன்று மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் பிந்தினால் தங்குமிடம். திருச்சியின் வெளிநாட்டு விமானங்கள் பல ராத்திரியில் என்பதால் கடைசி விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலேசிய நிறுவனமென்றால் அவர்களுடைய பயணிகள் பாதுகாப்பு விதி: இரண்டு மணி நேரத்தில் சாப்பாடு, ஐந்து மணி நேரத்தைத் தாண்டினால் தேவைப்படுவோருக்குத் தங்குமிடம். 2024 செப்டம்பர் முதல், ஐந்து மணி நேரத் தாமதத்தில் பயணத்தையே வேண்டாம் என்று சொல்லி, கட்டிய வழியிலேயே 30 நாளுக்குள் பணத்தைக் கேட்கலாம். கோவிட் காலத்தில் பணத்துக்குப் பதில், பிறகு டிக்கெட் வாங்க மட்டும் பயன்படும் கிரெடிட் கணக்கு கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காத்திருக்க வைத்த பிறகு வந்த மாற்றம் இது. காலம் கடந்து வந்தாலும் நல்ல மாற்றம். 'கிரெடிட் வாங்கிக்கொள்கிறீர்களா' என்று சாட் பெட்டி கேட்டால் அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிடாதீர்கள்.

எந்த விதியாலும் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு: பட்ஜெட் நிறுவனம் பொதுவாக வேறு நிறுவனத்தின் விமானத்தில் உங்களை ஏற்றி அனுப்பாது. அடுத்த சொந்த விமானம் நாளைக்குத்தான் என்றால் நாளைக்குத்தான். அதனால்தான் இரண்டு தனி டிக்கெட் போட்டு இணைப்பு பிடிப்பது ஆபத்து. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். கோலாலம்பூரில் ஏர் ஏசியா இறங்குவது டெர்மினல் 2. மலேசியா ஏர்லைன்ஸ், பாத்திக் ஏர் கிளம்புவது டெர்மினல் 1. குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, இரண்டு ரிங்கிட் ரயிலில் போய், மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஆறு மணி நேர இடைவெளியாவது விடுங்கள். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையையும் நிரப்பியிருக்க வேண்டும். சிங்கப்பூரில் இன்னும் சிக்கல்: விசா இல்லாமல் பெரும்பாலும் வெளியே வந்து பெட்டியை எடுக்க முடியாது. மெல்போர்னோ ஜகார்த்தாவோ போக வேண்டுமென்றால், ஒரே நிறுவனத்தில், ஒரே பிஎன்ஆரில் இணைப்பை வாங்குங்கள்.

பெட்டி உடைந்தாலோ வராவிட்டாலோ, சுங்கத்தைத் தாண்டி வெளியே வருவதற்கு முன் அங்கேயே பி.ஐ.ஆர் எனும் பெட்டிப் புகார்ப் படிவம் எழுதி எண் வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் நிரூபிப்பது கஷ்டம். சர்வதேச விமானப் பயண இழப்பீட்டுக்கான மான்ட்ரியல் உடன்படிக்கை பட்ஜெட் நிறுவனத்துக்கும் பொருந்தும்: உடைந்ததற்கு 7 நாளுக்குள், தாமதமாக வந்ததற்கு 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெட்டியை ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துவையுங்கள்.

நீங்களே ரத்து செய்தாலும் மொத்தப் பணமும் போய்விடுவதில்லை. அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் போகலாம். விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் அரசு வரிகளையும் திருப்பித் தர வேண்டும் என்பது டிஜிசிஏ விதி. கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள். பதில் வராவிட்டால் விமானப் பயணிகளுக்கான அரசின் ஏர்சேவா தளத்தில் புகார். மலேசிய நிறுவனமென்றால் 2025 ஆகஸ்ட்டிலிருந்து மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் அமைப்பிடம். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. போர்டிங் பாஸ், தாமத அறிவிப்பின் படம், சாட் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், கையிலிருந்து செலவழித்த ரசீதுகள் இருந்தால் போதும்.

தனியாகப் போகும் முதியவர்களுக்கு மட்டும் ஸ்ரீலங்கனையோ சென்னை வழியையோ பாருங்கள். பட்ஜெட் விமானத்தில்தான் அனுப்ப வேண்டுமென்றால், சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே பதிவு செய்து உறுதிப்படுத்திய மின்னஞ்சலை அச்செடுத்துக் கொடுங்கள். நடைபாதை ஓர இருக்கை, சாப்பாடு இரண்டையும் முன்பே வாங்கிவிடுங்கள். இந்த விமானங்களில் வெளிச் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை, சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. மருந்தும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.