பழைய எம்.பி.எஃப்.ஐ. கார் ஸ்டார்ட் ஆகத் திணறினால்: ஸ்கேனரா, பிரஷர் கேஜா?

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் ஐந்தாறு விநாடி அடித்தால்தான் இஞ்சின் பிடிக்கிறது. எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதிலாக இஞ்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) உள்ள, 2010-க்கு முந்தைய மாருதி 800, ஆல்டோ, சான்ட்ரோ போன்ற வண்டிகளில் சகஜமான கோளாறு இது. பிளக், பம்ப், சென்சார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வழியும் உண்டு. அதில் கோளாறு தீரலாம், காரணம் தெரியாது. பர்ஸ் மட்டும் நிச்சயம் இளைக்கும். எனவே போட்டி, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனருக்கும் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜுக்கும்தான்.

மலிவான புளூடூத் ஸ்கேனர் இந்த வயது வண்டிகள் பலவற்றில் இணைப்பே பெறாது. இந்தியாவில் ஓ.பி.டி. (வண்டி தன் கோளாறைத் தானே கண்டறிந்து பதியும் முறை) கட்டாயமாகத் தொடங்கியதே 2010-ல்தான். அதற்கு முந்தைய இ.சி.யு.க்களுக்கு (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அந்தந்தக் கம்பெனியின் கருவியோ, அதை ஆதரிக்கும் விலை கூடிய ஸ்கேனரோ வேண்டும். இணைந்தாலும், 'கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) எதுவும் இல்லை' என்று வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. இந்த வண்டிகளில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது. பம்ப் பாதி செத்திருந்தாலும் இ.சி.யு.வுக்குத் தெரியாது.

கேஜ் அங்கேதான் ஜெயிக்கிறது. பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இஞ்சினை ஓடவிட்டு, தானாக அணைந்ததும் அழுத்தத்தை இறக்குங்கள். பிறகு பெட்ரோல் லைனில் டீ ஜாயிண்ட் (T வடிவ மூன்று வழி இணைப்பு) வழியாக கேஜை மாட்டுங்கள். இஞ்ஜெக்ஷனுக்கான ஹோஸ்தான் வேண்டும், கார்புரேட்டர் ஹோஸை இந்த அழுத்தத்துக்கு நம்பக் கூடாது. ஃபியூஸைப் போட்டு சாவியை ஆன் செய்தால் பம்ப் சுமார் 2 விநாடி ஓடும். முள் 3 பார் பக்கத்தில் நிற்க வேண்டும் (சரியான அளவு வண்டியின் மேனுவலில்). ஏறவே இல்லையென்றால் ஃபில்டர், பம்ப், பம்புக்கு வரும் வோல்டேஜ். ஏறிய முள் சாவியை அணைத்ததும் சரசரவென விழுந்தால் எங்கோ கசிவு. ரிட்டர்ன் லைன் (மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) உள்ள வண்டியில் ரப்பர் ஹோஸை மட்டும் நசுக்கிப் பாருங்கள். அழுத்தம் ஏறிய உடனே சப்ளை பக்கத்தை நசுக்கினால் முள் விழாமல் நிற்கிறதா? பம்பிலுள்ள செக் வால்வு (பெட்ரோல் திரும்பிப் போகாமல் தடுப்பது) கோளாறு. ரிட்டர்னை நசுக்கினால் நிற்கிறதா? ரெகுலேட்டர் (அழுத்தத்தை ஒரே அளவில் வைப்பது) கோளாறு. இரண்டிலும் நிற்காவிட்டால் இஞ்ஜெக்டர். ரெகுலேட்டரின் வேக்கம் ஹோஸில் பெட்ரோல் ஈரம் இருந்தால் அதனுள் இருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது, கேஜே தேவையில்லை.

கேஜ் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: சாவியை மூன்று முறை ஆன்-ஆஃப் செய்து, ஒவ்வொரு முறையும் 2 விநாடி விட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்தால் அழுத்தம் இறங்குவதுதான் கோளாறு. சூடான வண்டியை அரை மணி நேரம் நிறுத்தி எடுக்கும்போது பெட்ரோல் நாற்றமும் கறுப்புப் புகையும் வந்து, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால் பிடிக்கிறதா? சொட்டும் இஞ்ஜெக்டர் மேல் சந்தேகம் வையுங்கள். லேசாக மிதித்தால் மட்டும் பிடிக்கிறது என்றால், இஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடி அல்லது ஐடில் வால்வு அழுக்கடைந்திருக்கலாம்.

இரண்டுக்கும் முன்னால் மல்டிமீட்டர். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட்; செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது. பேட்டரி நெகட்டிவுக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அப்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் மோசம். புதுப் பம்ப் வாங்கிய பிறகு கண்டுபிடிக்கப்படும் கோளாறுகளில் இதுவும் ஒன்று.

ஸ்கேனருக்கும் அதன் இடம் உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில் கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 27 டிகிரி, கூலன்ட் 70 டிகிரி என்றால், இஞ்சின் சூடாக இருப்பதாக நம்பி இ.சி.யு. பெட்ரோலைக் குறைக்கிறது; கோடும் விழாது. இணையாத வண்டியில் இதையே மல்டிமீட்டரில் பார்க்கலாம்: பெரும்பாலான கூலன்ட் சென்சார்கள் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். (இஞ்சின் சுழலும் வேகம்) பூஜ்யமாகவே நின்றால், அந்தச் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சார் அல்லது அதன் வயர் கோளாறு. சூடானபின் மட்டும் எடுக்க மறுத்து, ஆறியதும் பிடிக்கும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய எண் இந்த ஆர்.பி.எம்.தான்.