ஊர் திரும்பும் நாளில் சாங்கி: பெட்டியோடு வருபவருக்கு எப்படி?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தைப் புகழ்ந்து எழுதுபவர்களில் பலர் நடுவில் இறங்கி வேறு விமானம் மாறுபவர்கள். பட்டாம்பூச்சித் தோட்டமும் இலவசத் திரையரங்கும்தான் அவர்களுக்குத் தெரிந்த சாங்கி. ஒப்பந்தம் முடிந்து, வேலை பெர்மிட் கேன்சலாகி, கயிறு கட்டிய அட்டைப்பெட்டியோடு திருச்சிக்கோ சென்னைக்கோ கிளம்புபவர் பார்க்கும் சாங்கி வேறு. அவரை மனத்தில் வைத்தே இந்த மதிப்பீடு. குடிநுழைவு (இமிக்ரேஷன்) சோதனையைத் தாண்டுவதற்கு முன் இருக்கும் பகுதி அருமை. தாண்டிய பிறகும் குறையில்லை. கடைசியில் விமானம் ஏறும் கேட்டுக்குள் உட்காரும் நேரம்தான் சுமார்.

முதலில் வந்து சேரும் வழி. துவாஸ், ஜூரோங் பக்கத்துத் தங்குவிடுதிகள் தீவின் மேற்குக் கோடியில். சாங்கி கிழக்குக் கோடியில். எம்ஆர்டி ரயிலில் துவாஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்தைக் கணக்கில் வையுங்கள். தானா மேராவில் ரயில் மாற வேண்டும். ரயிலில் 120 x 70 x 40 செ.மீ.க்கு மேல் பெரிய பெட்டிக்கு அனுமதி இல்லை. பெரிய டிவி பெட்டி இந்த அளவில் அடங்காது. அதிகாலை விமானமென்றால் ரயிலை நம்பவே முடியாது, முதல் ரயில் ஐந்தரை வாக்கில்தான் கிளம்பும். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை டாக்சி மீட்டரில் 50 விழுக்காடு கூடுதல். பதினொன்றரைக்கு முன்பே ஏறிவிட்டால் அந்தப் பணம் மிச்சம். விமான நிலையத்தின் வெளிப்பகுதி இரவு முழுக்கத் திறந்தே இருக்கும்.

எந்த டெர்மினல் என்பதைப் பயணச்சீட்டில் பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்கூட் என்ற பட்ஜெட் விமானத்துக்கு டெர்மினல் 1. ஒன்று, இரண்டு, மூன்றுக்கு இடையே ஸ்கைட்ரெயின் ஓடுகிறது. நான்குக்கு பேருந்துதான், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

பெட்டி விஷயத்தில் அதிகம் தவறு நடப்பது கவுன்ட்டரில் அல்ல, முந்தைய நாள் அறையில். எந்த ஒரு பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக்கூடாது. தூக்கிப் போடும் ஊழியர்களின் பாதுகாப்புக்கான வரம்பு அது, காசு கட்டினாலும் விடமாட்டார்கள். பட்ஜெட் விமானங்களில் கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டி வாங்கினால் ஒரு விலை, கவுன்ட்டரில் கேட்டால் அதைவிடக் கணிசமாக அதிகம். மளிகைக்கடையில் கிடைக்கும் ஒற்றை அடுக்கு அட்டைப்பெட்டி மூலையில் பிய்ந்துவிடும். இரட்டை அடுக்கு அட்டையே வேண்டும், அடியிலும் ஓரங்களிலும் அகலமான டேப் ஒட்ட வேண்டும். கயிறு கட்டினால் முனைகளைத் தொங்க விடாமல் டேப்பால் அமுக்குங்கள். தொங்கும் கயிறு கன்வேயரில் சிக்கித்தான் பெட்டிகள் கிழிகின்றன. பழைய பயணத்து பார்கோடு சீட்டு ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள், இயந்திரம் அதைப் படித்துவிட்டால் பெட்டி வழிமாறும். பெயரோடு ஊர்த் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். சிங்கப்பூர் எண்ணை எழுதிப் பயனில்லை, அந்த சிம் அதற்குள் செத்திருக்கும். அதே விவரத்தை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்கு உள்ளேயும் போடலாம்.

கோடாலித் தைலம் இல்லாமல் யாரும் ஊருக்குப் போவதில்லை. 56 மி.லி. புட்டி ஒவ்வொன்றும் 100 மி.லி. வரம்புக்குள் இருந்தாலும், கைப்பையில் திரவம் எல்லாம் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். ஒரு டஜன் வாங்கியவருக்கு அது நடக்காது. பெரிய பெட்டியில், துணிக்கு நடுவே, மூடியில் டேப் சுற்றி வையுங்கள். மருந்து, வாசனைப் பொருள் எல்லாம் சேர்ந்து ஆளுக்கு 2 லிட்டர் வரை, ஒரு புட்டி அரை லிட்டர் வரை என்பது விமான விதி. பவர்பேங்க் இதற்கு நேர் எதிர்: கைப்பையில் மட்டுமே. 100 வாட்-மணி, அதாவது சுமார் 27,000 எம்ஏஎச் வரை தடையில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தக்கூடாது. ஆகவே போனை இங்கேயே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள்.

வழியனுப்ப வந்த நண்பர்களோடு உட்காரத்தான் சாங்கி அருமை. ஜூவல் என்ற வணிகக் கட்டடத்துக்குப் பயணச்சீட்டு தேவையில்லை. டெர்மினல் 1-உடன் ஒட்டியிருக்கிறது, 2, 3-இலிருந்து நடைபாலம் உண்டு. 40 மீட்டர் உயர அருவியைச் சுற்றி எவ்வளவு நேரமும் உட்காரலாம். இரவு பத்துக்குப் பிறகு தண்ணீர் நின்றுவிடும். பெட்டியைத் தள்ளிக்கொண்டு அலைய வேண்டாம், பணம் கட்டி வைக்கும் இடம் இருக்கிறது. பட்ஜெட் விமானங்களுக்குக் கவுன்ட்டர் பொதுவாக மூன்று மணி நேரத்துக்கு முன்தான் திறக்கும், புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடும். ஜூவல் உணவகங்களில் விலை அதிகம். டெர்மினல் 3-இன் அடித்தள உணவுக்கூடமோ, பொதுமக்களையும் அனுமதிக்கும் ஊழியர் கேன்டீனோ பையைக் கடிக்காது.

உள்ளே வரை கூட வர வேண்டும் என்று நண்பர் மலிவாக ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு வருவது குற்றம். பறக்கும் எண்ணமில்லாமல் பயணிகளுக்கு மட்டுமான பகுதிக்குள் நுழைபவருக்கு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். பிள்ளைகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணியாக வந்த பெற்றோர், 100 வெள்ளிக்கு மேல் வாங்கிய பொருளுக்கு கட்டிய 9 விழுக்காடு ஜிஎஸ்டி வரியைத் திரும்பக் கேட்கலாம்; பொருள் பெரிய பெட்டியில் போகிறதென்றால் செக்-இன் செய்வதற்கு முன்பே இயந்திரத்தில் பதிய வேண்டும். இங்கே வேலை பார்த்தவருக்கு அந்தச் சலுகை இல்லை, வரிசையில் நின்று ஏமாற வேண்டாம்.

இனிச் சொல்வதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சம்பள பாக்கியோ காயத்துக்கான இழப்பீடோ தீராமல் உங்களை ஏற்றி அனுப்புகிறார்கள் என்றால், கடைசி வாய்ப்பு குடிநுழைவு வரிசையில் இருக்கிறது. தானியங்கிப் பாதையில் போகாமல் அதிகாரியிடம் நேராகச் சொல்லுங்கள். அவர் மனிதவள அமைச்சுக்குத் தகவல் தருவார். மலேசியர் அல்லாத பெர்மிட் ஊழியருக்காக முதலாளி கட்டிய 5,000 வெள்ளி பிணை, நீங்கள் நாட்டை விட்டுப் போனால்தான் விடுபடும். உங்களை விமானம் ஏற்ற அவசரம் காட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். சம்பளக் கோரிக்கைக்கு வேலை முடிந்து ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு என்றாலும், ஊரிலிருந்து நடத்துவது மிகக் கடினம். இப்படிப்பட்டவர்களுக்கு உதவும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண்: 6536 2692. சிம் உயிரோடு இருக்கும்போதே பேசுங்கள்.

உள்ளே போன பிறகு சிம் இல்லாதவருக்கு வைஃபைதான் முதல் தலைவலி. கடவுச்சொல் போனுக்கு வருமென்றால் போன் வேலை செய்ய வேண்டுமே. தகவல் மேசைக்குப் போய்க் கடவுச்சீட்டைக் காட்டிக் கேளுங்கள். சாய்வு இருக்கைகள், கால் பிடித்துவிடும் இயந்திரம், குடிநீர்க் குழாய் எல்லாம் இலவசம். டெர்மினல் 1-இல் இருப்பவர் மொட்டைமாடிக் கள்ளிச்செடித் தோட்டத்தில் காற்று வாங்கலாம்.

குறை என்றால் கேட். டெர்மினல் 1, 2, 3-இல் பைகளைச் சோதிப்பது ஒவ்வொரு கேட்டின் வாசலிலும்தான். நான்கில் மட்டும் ஒரே இடத்தில். கூட்டம் சிதறுவதால் பெரிய வரிசை இல்லை என்பது நல்லது. ஆனால் சோதனை முடிந்து கண்ணாடி அறைக்குள் போனபின் பல கேட்டுகளில் கழிப்பறை இல்லை, கடையும் இல்லை. பிள்ளைகளோடும் முதியவர்களோடும் வருபவர்கள் இதில்தான் திண்டாடுகிறார்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு, தண்ணீர் புட்டியைக் காலி செய்துகொண்டு, பெல்ட், சில்லறை, தைலப்பையைக் கைக்கு எட்டும்படி வைத்து உள்ளே போங்கள். சிங்கப்பூர் நாணயங்களை அதற்கு முன்பே செலவழியுங்கள், ஊரில் நோட்டைத்தான் மாற்றித் தருவார்கள். 20,000 வெள்ளிக்கு மேல் ரொக்கம் இருந்தால் கிளம்பும்போது அறிவிப்பது கட்டாயம்.

நகை வாங்கியவர் ரசீதைக் கைப்பையில் வைக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்பும் இந்தியருக்கு ஆண் என்றால் 20 கிராம், பெண் என்றால் 40 கிராம் தங்க நகைக்கு இந்தியச் சுங்கத்தில் தீர்வைச் சலுகை. அது நகைக்கு மட்டும்; காசுக்கும் பிஸ்கட்டுக்கும் கிடையாது, ஒரு கிராம் காசு என்றாலும் சுங்கத்தில் அறிவிப்பவர்களுக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்ல வேண்டும்.